வாஹித் பாஷாவின் பேக்பைப்பும் அப்பாவின் கால்களும்

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி சூரியபிரகாஷுக்கு,

அக்கா விஜயகுமாரி எழுதுவது. ஓசூரில் நீயும் சௌமியாவும் நலம் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இல்லையென்றால் நேற்றே போனில் புலம்பியிருப்பாய். "அப்பா நிஜமாவே நடக்குறாரா? யார் நடக்க வைக்கிறது?" என்று கேட்டாய். முதல் கேள்விக்கு விடை உண்டு: நடக்கிறார். இரண்டாவதற்கு என்னிடம் விடை இல்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் இப்படி எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் கடிதம்.

பார்க்கின்சன் வந்ததிலிருந்து அப்பாவின் கால் வாசற்படியில் ஒட்டிக்கொள்வதும், நான் கெஞ்சுவதும், அவர் என்னைத் திட்டுவதும் உனக்குத் தெரியும். இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுக்கு வாஹித் பாஷா குடிவந்தார். ராணுவத்தில் பேக்பைப், அதாவது தோல்பையில் காற்றடைத்து ஊதும் குழல், வாசித்து ஓய்வு பெற்ற ஹவில்தார். பொழுது சாய்ந்தால் மொட்டைமாடியில் நின்று மார்ச் வாசிப்பார். முதல் நாளே சண்டைக்குப் போனேன். "இன்னா பண்றது மேடம், பட்டாளத்துல கொடி எறக்குற நேரம் வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். அத்தோடு விட்டாரா? ஸ்காட்லாந்துக்காரர்கள் போருக்குக் கொண்டுபோன வாத்தியமாம், வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு இங்கே வந்ததாம். "அவன் போய்ட்டான், பையை வுட்டுட்டுப் போய்ட்டான்." மொத்தமே ஒன்பது சுரமாம். "சிப்பாய்க்கு அதுவே ஜாஸ்தி மேடம். ஆனா ஒண்ணு, வாசிக்கிறவன் மூச்சு வாங்குனாலும் பை பாடிக்கிட்டே இருக்கும். எங்கயும் நிக்கிறதுக்கு எடம் குடுக்காது. அதான் செத்துப்போற மாதிரி களைச்ச பட்டாளமும் நடக்கும்." பெருமையாகத்தான் சொன்னார், எனக்குப் பிடரி கூசியது. பை வேறு நம் ஊர் ஆட்டுத்தோல். "செத்த ஆட்டுக்கு மூச்சு குடுத்தா அது சும்மா இருக்குமா, சொல்லுங்க" என்று எதிர்வீட்டு முனவ்வர் பேகம் தன் பங்குக்குக் கேட்டாள்.

அன்று அவர் மறுபடி மார்ச் வாசிக்கத் தொடங்கியதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். வாசற்படியைத் தாண்டினார். பட்டாளத்தை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், ஆயுசு முழுக்கத் தோல் தொழிற்சாலையில் சாயம் கலக்கியவர், இடது காலை முதலில் வைத்து, கையை வீசி, பிரியாணிக் கடை வரை போய், குதிகாலில் திரும்பினார். தொழிற்சாலைக் காவலாளி சல்யூட் வைக்க, அப்பாவும் பதிலுக்கு வைத்தார். கீரைக்கட்டோடு வந்த முனவ்வர் பேகம் இரண்டடி தடுமாறி, அப்பாவின் அடிக்குத் தன் அடியைச் சேர்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "யா அல்லா, டீச்சர்! என் காலு என் பேச்ச கேக்க மாட்டேங்குது!" நான் சிரித்தேன். என் செருப்பும் அதே தாளத்தில் விழுவது காதில் பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இதுவரைக்கும் விளக்கம் உண்டு. உள்ளே நடையின் தாளம் தவறும்போது வெளியிலிருந்து வரும் தாளம் கைகொடுக்கும் என்று வேலூர் பாகாயத்து டாக்டர் சொன்னார். நானும் படித்துப் பார்த்தேன், சரிதான். ஆனால் திங்கட்கிழமை பாஷா, மகள் மெஹக்கின் பிரசவத்துக்காக ஆலங்காயம் போய்விட்டார், பேக்பைப்பையும் எடுத்துக்கொண்டு. அன்று மாலையும் அப்பா எழுந்தார். மொட்டைமாடியில் காக்கைகூட இல்லை. "என்னப்பா?" என்றேன். "உனக்குக் காதுல வுழலியா?" என்றார், எனக்காக வருத்தப்படுகிறவர் போல. செவ்வாயும் அப்படியே. நேற்றும் அப்படியே.

வெறும் பழக்கம் என்று முடிவு கட்டியிருக்கிறேன். சாப்பாட்டு நேரம் வந்தால் வயிறு கூப்பிடுவதுபோல, பொழுது சாய்ந்தால் அவர் காலுக்கு நடை கூப்பிடுகிறது. ஆகவே நீ சொல்லிவந்தபடி ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்து வந்து அவரை ஓசூர் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதை நான் இனி எதிர்க்கவில்லை. பாஷாவின் வாசிப்பை முன்பே போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அங்கே அதைப் போட்டால் நடப்பார். என்னோடுதான் இருக்க வேண்டும் என்று போன மாதம் நான் அழுததை மறந்துவிடு. எனக்குக் கேட்காத ஒன்றுக்கு அவர் தினமும் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சௌமியாவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும். எல்லார் காலும் அவரவர் பேச்சைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா விஜயகுமாரி

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: தபாலில் சேர்க்குமுன் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மாலை அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அப்பா ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. "நிறுத்தும்மா, பேஜாரா இருக்குது" என்றார். நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில் எழுந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் பாஷா ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்; பேக்பைப் பெட்டி பூட்டியபடி தோளில் தொங்கியது. பேத்தி பிறந்த செய்தியைச் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்று தலையைச் சாய்த்தார். "யாரு மேடம் வாசிக்கிறது? இவ்ளோ சுத்தமா நான்கூட வாசிச்சதில்ல." பிறகு விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். அவர் பார்வை அப்பாவைத் தாண்டி, எங்களுக்கு முன்னால் காலியாகக் கிடந்த தெருவில் இருந்தது. "எனக்கு ஒண்ணுமே..." என்று தொடங்கினேன். "பேசாம வாம்மா, ஸ்டெப் போய்டும்" என்றார் அப்பா. இடது காலை முதலில் வைத்து நானும் நடந்தேன். இருவருமாகத் திரும்பி வந்து சேர்ந்தோம்; கூடவே நடந்தபோது எனக்குப் பயம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம், பிரகாஷ்.