மூன்றாவது கட்டம்

கரிசல் வட்டாரத்தில் மதமும் மதச்சார்பற்ற அரசும் புதிய தொழில்நுட்பமும் ஒன்றையொன்று எவ்விதம் தொட்டும் தொடாமலும் வாழ்கின்றன என்பதைக் கோவில்பட்டி இசக்கிச்செல்வி ஐந்தரை ஆண்டுகள் ஆராய்ந்தாள். முனைவர் பட்டத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சடங்கு. ஆய்வேட்டை எழுதியது மனிதர்தான் என்று பல்கலைக்கழகத்தின் மென்பொருள் சான்று தர வேண்டும். இருபத்தெட்டாம் தேதிக்குள் தராவிட்டால் அவள் பதிவு ரத்து.

மென்பொருள் நான்காம் இயலைப் பிடித்துக்கொண்டது. எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்துச் சாமியாடி கருத்தப்பாண்டி, கோயில் கொடை விழாவில் சாமி வந்து சொன்ன குறிகளை அவள் ஓர் எழுத்தும் மாற்றாமல் அதில் சேர்த்திருந்தாள். ‘மழை வரும், பொறுத்து வரும். வேலை கிடைக்கும், அலைச்சல் உண்டு.’ எந்தப் பக்கமும் சாயாமல் இவ்வளவு நிதானமாக மனிதர் பேசுவதில்லை என்று கண்டு, ‘இயந்திரம், 94 சதவீதம்’ எனத் தீர்ப்பெழுதியது மென்பொருள்.

ஆய்வு நெறிக் குழுத் தலைவர் வன்னியபெருமாள் இரக்கமுள்ளவர். குறி சொன்னவர் ‘இவை என் சொற்களே’ என்று கையெழுத்திட்டால் போதும் என்றார். இசக்கிச்செல்வி படிவத்தோடு பஸ் ஏறினாள். கருத்தப்பாண்டி அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“நான் எங்க தாயி சொன்னேன்? சாமியில்லா சொல்லுச்சி. பொய்க் கையெழுத்துப் போட்டா அடுத்த கொடைக்கு எம்மேல எப்படி இறங்கும்?”

திரும்பி வந்து, சாமி சொன்னதாகவே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“அது எப்படிம்மா? நாம மதச்சார்பற்ற நிறுவனம்” என்றார் வன்னியபெருமாள். “படிவத்துல ரெண்டு கட்டம்தான். மனிதர், இயந்திரம். மூணாவதா ஒண்ணு போட்டா, நாளைக்கு மதத்துக்கு ஒரு கட்டம் கேப்பாங்க.”

“அப்போ யார் சார் சொன்னது?”

“அவரு, நான் சொல்லலைங்காரு. சாமின்னு நாம எழுதக் கூடாது. மிச்சம் என்ன இருக்கு?”

மிச்சம் இயந்திரம் இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு குழு டீ குடித்தது.

அவள் மேல்முறையீடு செய்தாள். இருபத்தேழாம் தேதி கருத்தப்பாண்டி நேரில் விசாரிக்கப்பட ஏற்பாடாயிற்று. உறுமி மேளம் அடித்தால்தான் சாமி வரும், அடி நின்றால் மலையேறிவிடும் என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதியிருந்தாள். விண்ணப்பத்தைப் படித்தது மென்பொருள் மட்டும்தான். வழிபாட்டுக் கருவிகளுக்கு வளாகத்தில் தடை இருந்ததால், உறுமி ‘ஒலியியல் சோதனைச் சாதனம்’ என்ற பெயரில் உள்ளே வந்தது.

சாமியும் வந்தது. கூடவே பக்கத்துக் கட்டடத்திலிருந்து, தேர்வு நடக்கிறது, சத்தம் வேண்டாம் என்று சொல்லி ஆள் வந்தது. உறுமி நின்றது. அமைதி கிடைத்த மகிழ்ச்சியில் குழு விசாரணையைத் தொடங்கியது.

முதல் உறுப்பினர் தம் மகளின் விசாவைப் பற்றி விசாரித்தார். இரண்டாமவர் இடமாறுதல் பற்றி. வன்னியபெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, துணைவேந்தர் பதவி குறித்துத் தணிந்த குரலில் கேட்டார்.

கருத்தப்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“வரும். ஆனா நீ ஒரு பொம்பளப் பிள்ளைக்கு வழிய மறிச்சி நிக்க. அத விடு. உன் வழி தன்னால தெறக்கும்.”

அன்று மாலையே ஆய்வேடு ஏற்கப்பட்டது. கூட்டக் குறிப்பில் ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று எழுதினார்கள்.

ஊருக்குத் திரும்பும் பஸ் எட்டயபுரத்தில் நின்றபோது இசக்கிச்செல்வி தயங்கிக் கேட்டாள். “பெரியப்பா, எனக்காகச் சாமி இவ்வளவு தெளிவா சொல்லுச்சே?”

“சாமி எங்க இருந்துச்சி? உறுமி நின்னதும் மலையேறிட்டு. பொறவு பேசுனது நாந்தான்.” பையில் பேனாவைத் தேடினார். “அந்தத் தாளக் கொண்டா தாயி. இதுக்குன்னா கையெழுத்துப் போடுதேன்.”

போட்டார். அவள் அதை மடித்து ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் செருகினாள். அங்கே முடிவுரை இருந்தது: ‘இவ்வட்டார உயர்கல்வி நிறுவனங்கள் நம்பிக்கைகளின் பிடியிலிருந்து முற்றிலும் விடுபட்டுவிட்டன.’

திருத்தலாம். திருத்தினால் மறுபடியும் மென்பொருளுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்துக்கு அது ஏற்கெனவே ‘மனிதர், நூறு சதவீதம்’ என்று சான்று தந்திருந்தது. ஆய்வேட்டிலேயே அந்த ஒரு பக்கம்தான், நேரமில்லாமல், அவள் போனிடம் எழுதி வாங்கியது.