கால் மணி முந்திய பள்ளி மணி

அன்புள்ள ரெய்னோ மாமாவுக்கு,

ஹில்யா எழுதுவது. நீங்களும் அத்தையும் நாயும் நலம்தானே? இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். முக்கியமாக உங்கள் அக்காவுக்குத் தெரியக் கூடாது. அவர் எனக்கு அம்மா மட்டும் இல்லை, தலைமையாசிரியரும்கூட. ஒரே தவறுக்கு இரண்டு இடத்தில் தண்டனை கிடைக்கும்.

பள்ளி மணி அடிக்க மார்க்வெட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய கணினி உங்கள் ஊர் நேரத்தோடு வந்து இறங்கியது. மிச்சிகனிலேயே விஸ்கான்சின் எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் என்பதை மறந்துவிட்டீர்கள். "கம்ப்யூட்டர் கிளப் தலைவி நீதானே, சரி பண்ணுடி" என்றார் அம்மா. நேர மண்டலத்தை மாற்றாமல், உள்ளே பேட்டரியில் ஓடும் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டேன். திரையில் நேரம் சரியாகத் தெரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் இணையத்தில் கேட்டு நேரத்தைத் திருத்தும் மென்பொருள் இருக்கிறதே, அது சின்னத் தவறென்றால் மெல்ல இழுத்துச் சரிசெய்யும். ஒரு மணி நேரத் தவறென்றால் 'ஆளை விடுங்க' என்று வெளியேறிவிடும். தினமும் காலையில் அப்படியே வெளியேறியிருக்கிறது. இன்று மாலைதான் பார்த்தேன். கேட்பாரில்லாத கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி, இப்போது கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

ஊரும் கூடவே ஓடுகிறது, மாமா! இங்கே ஃபோன் அடிக்கடி உங்கள் பக்கத்து டவரைப் பிடித்து ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டுவதால் எல்லோருக்கும் பள்ளி மணிதான் கணக்கு. விஸ்கான்சின் பக்கத்திலிருந்து தேவாலயத்துக்கு சரியான நேரத்துக்கு வருகிறவர்களை, அதற்குள் ஆராதனை பாதி முடிந்து, வாசலிலேயே காணிக்கைத் தட்டு வரவேற்கிறது. என் வகுப்புத் தோழி கைசாவின் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், மணிச் சத்தம் கேட்காது. அதனால் ஊரிலேயே அவள் ஒருத்திதான் சரியான நேரத்துக்கு வருகிறாள். தினமும் அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள்.

"என் வாட்ச் கரெக்ட் மேடம்!"

"உன் வாட்ச் பெட்ரோல் பங்க்ல வாங்கினது. என் மணி வானத்துலேருந்து நேரம் வாங்குது. நாளைக்கும் லேட்டா வந்தே, சனிக்கிழமை ஐஸ் ஹாக்கிக்கு நீ பெஞ்சுலதான்."

கைசா எங்கள் கோல்கீப்பர். அவளுக்குப் பதில் நான். அந்த ரப்பர் வட்டு பறந்து வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அவளை நினைத்தால் தூக்கம் வரவில்லை, என்னை நினைத்தாலும்தான். கடிகாரத்தை ஒரே தாவலில் சரிசெய்வது எப்படி என்று உடனே எழுதுங்கள். அத்தைக்கு என் வணக்கம், நாய்க்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
நடுங்கும் மருமகள் ஹில்யா

பின்குறிப்பு: எதுவும் எழுத வேண்டாம். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் ஆட்டமே முடிந்துவிடும் என்று இப்போதுதான் உறைக்கிறது. என் ஃபோனும் அம்மாவிடம் இருக்கிறது. காலையில் கைசா வருவதற்கு முன்னால் நானே தைரியமாக, நிதானமாக, அம்மாவின் முகத்தைப் பார்த்து

கதவைத் தட்டுகிறார். "இன்னும் தூங்கலையாடி? மணி பதினொண்ணு!"

"இல்லம்மா, இன்னும் கால் மணி இருக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மாமா, கதவுக் கைப்பிடி திரும்பு