நண்டுக்கறியும் காலநிலை மாற்றமும்

உலகம் சூடாகிக்கொண்டு போவதைப் பற்றி இளையதம்பிக்கு அந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும் ஒரு கவலையும் இருந்ததில்லை. அன்றுதான் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் செட்டிபாளையம் முழுக்கக் கத்திக்கொண்டு போனார்கள். காலநிலை மாற்றம் பற்றிய ஆவணப்படம். பின்னேரம் பல்நோக்கு மண்டபத்தில். வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகள் எடுத்தது. நம்மட சனங்களே படத்தில் வருகிறார்கள். தேத்தண்ணியும் வடையும் உண்டு.

கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். படத்தில் வரும் சனங்களில் அவரும் ஒருவர். அதை எக்காரணம் கொண்டும் பெண்சாதி கண்ணகை பார்க்கக்கூடாது என்று வாய் கொப்பளிப்பதற்குள் முடிவெடுத்தார்.

விசயம் இதுதான். இளையதம்பியின் தங்கச்சி அன்னப்பூரணிக்கு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் வீடு. சில வருசத்துக்கு முன், இளையதம்பியின் மகள் பெரியபிள்ளையானபோது, சாமத்தியச் சடங்கில் முதல் குடம் தண்ணி வார்ப்பது யார் என்று ஒரு வழக்கு வந்தது. தகப்பனின் தங்கச்சியா, தாயின் அண்ணன் பெண்சாதியா? கண்ணகை தன் அண்ணன் பெண்சாதியின் கையில் குடத்தைக் கொடுத்துவிட்டாள். அன்னப்பூரணி சாப்பிடாமல் எழும்பிப் போனாள். அன்றைக்கே கண்ணகை சட்டம் போட்டாள்.

"அந்த ஊட்டுப் படியில கால வெச்சா, இந்த ஊட்டுப் படியில வெக்கேலா."

வேறு ஊர்ப் புருசன் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். இங்கே வீடு பொம்புளைக்குச் சீதனமாக வருவது. ஆம்புளை உடுத்த வேட்டியோடு வந்து குடியேறுகிறவன். இளையதம்பி பிறந்த வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு புருசன் குடியேறியிருந்தான். கண்ணகை வெளியே போ என்றால், அவருக்குப் போக இருந்த இடம் பஸ் தரிப்பிடம் ஒன்றுதான்.

ஆனாலும் அன்னப்பூரணியின் நண்டுக்கறி என்று ஒன்று இருக்கிறதே. முருங்கையிலை போட்டு அவள் இறக்கி வைத்தால் சட்டம் கிட்டம் எல்லாம் மறந்துபோகும். "வட்டைக்குப் போறன்" என்று கண்ணகையிடம் சொல்லிவிட்டு, தோணியில் வாவியைக் கடப்பார். வட்டை என்றால் வயல்வெளி. அதுவும் அக்கரையில்தான் கிடந்தது. அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போனால் வேலை முடிந்தது என்று நினைத்தால், கண்ணகை விடமாட்டாள். பின்னேரம் விசாரணை வைப்பாள்.

"எந்த வக்கடையால தண்ணி பாயுது? மேட்டு வரம்பில எலி துளைச்சிரிக்கா?"

பார்க்காமல் பதில் சொல்ல முடியுமா? ஆகவே பொய்யைக் காப்பாற்றுவதற்காக, முதலில் வட்டை முழுக்கச் சுற்றுவார். வரம்பு வாயான வக்கடையைத் திறப்பார், வரம்பைக் கட்டுவார், பிறகுதான் நண்டு. போன போகத்தில் அவருடைய வேளாண்மைதான் ஊரிலேயே நன்றாக விளைந்தது. எல்லாரும் என்ன உரம், என்ன பசளை என்று கேட்டார்கள். பொய்தான் பசளை என்று எப்படிச் சொல்வது?

அப்படி ஒரு மத்தியானம் தங்கச்சி வீட்டு முற்றத்தில் கையும் நண்டுமாக இருந்தபோதுதான், கம்பஸில் படிக்கும் யசோதினி கமராவோடு வந்து வாவி நண்டைப் பற்றிக் கேட்டாள். இளையதம்பி தன்னை மறந்து பேசினார்.

இப்போது தன்னை நொந்துகொண்டு குசினிப் பக்கம் போனார்.

"இஞ்ச புள்ள, அந்தப் படத்துக்குப் போகப்போறியா?"

"போனா என்ன?"

"ஒண்டுமில்ல. சரியான அலுப்புப் படமாம். முழுக்க ஐஸ் மலை. ஒரு வெள்ளக் கரடி அதில ஏறுமாம். மறுகா இறங்குமாம்."

"இறங்கினா நல்லந்தானே."

"இறங்கிச் செத்துப்போகும். நீ கோழி செத்தாலே ரெண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டாய்."

"நம்மட சனமும் வருதாமே?"

"வரும். ஆர்? நம்மட சங்கத் தலைவர். அவர்ர பேச்சுத்தான் பாதிப் படமாம்."

கண்ணகை கறியைக் கிண்டிவிட்டு அகப்பையைத் தட்டி வைத்தாள்.

"அவரா? அப்ப நான் வரல்ல. நீங்க போய்ப் பாத்துத்து வந்து சொல்லுங்க."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு இலேசாக ஒத்துக்கொண்டதில்லை. அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வெற்றி பெற்ற புருசனுக்கு யோசிக்க எங்கே நேரம்? யார் யார் படம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களின் வாயைக் கட்டலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. திரையில் வாவி மேலிருந்து தெரிந்தது. கடல் மட்டம் உயர்கிறது என்று ஒரு குரல் கவலையோடு சொன்னது.

"அந்தா என்ர மாடு."

"அது என்ர மாடு. கொம்பப் பாரு."

"கிணத்தடியில காயிற சீலை ஆர்ர?"

வெப்பநிலை என்று ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே போனது. சாமான் விலை என்று நினைத்து ஒரு கிழவர் பெருமூச்சு விட்டார். ஐஸ் மலை இடிந்து விழுந்தபோது பிள்ளைகள் கைதட்டி, திரும்பப் போடச் சொன்னார்கள். கடல் அரித்துத் தென்னைகள் சரிந்து கிடந்த கரை வந்தபோது மட்டும் எல்லாரும் மரங்களை விரலால் எண்ணினார்கள். அந்தத் தென்னைகள் எல்லாருக்கும் தெரிந்தவை.

அடுத்ததாகத் திரை முழுக்க ஒரு நண்டுக்கால். அதற்குப் பின்னால் இளையதம்பி.

"முந்தி மாதிரி நண்டு இல்ல புள்ள. வாவித் தண்ணி சூடாகிற்று. நண்டெல்லாம் எங்க போகுதெண்டே விளங்கல்ல."

"எங்களுக்கு விளங்குது" என்றது பின்வாங்கு வரிசை. மண்டபம் குலுங்கியது. பக்கத்தில் இருந்த அயல்வீட்டுத் தனோஜன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது அன்னப்பூரணி அக்காட முற்றந்தானே?"

"சத்தம் போடாத. எங்கட ஊட்ட சொல்லிப்போடாத, உனக்கொரு குலை இளநீர் தாறன்."

முன்வாங்குக்கு ஒரு குலை, பின்வாங்குக்கு ஒரு குலை என்று மரத்தில் இருந்ததெல்லாம் பேச்சிலேயே முடிந்தது. மரமும் கண்ணகையின் சீதனம்தான்.

ஒருவழியாக மூச்சு விட்டார். காலநிலை மாற்றத்துக்கு மக்கள் தங்களை எப்படி இசைவாக்கிக்கொள்கிறார்கள் என்று படத்தின் குரல் கேட்டது. திரையில் பட்டுச் சீலை உடுத்து, கொண்டையில் பூ வைத்து, கண்ணகை நின்றாள்.

"முந்தி மழை எப்ப வரும் எண்டு நமக்குத் தெரியும். இப்ப மழைக்கே தெரியாது. ஒரு நாள் வட்டையப் பாக்காட்டி வேளாண்மை தண்ணியில தாண்டு கிடக்கும், இல்லாட்டிக் காஞ்சி கிடக்கும். எங்கட ஊட்டுக்காரரப் போகச் சொன்னா முழங்கால் நோகுது எண்டுவார்."

"அப்ப என்ன செய்தீங்க அன்ரி?" என்றது யசோதினியின் குரல்.

"எனக்கும் மச்சாளுக்கும் கொஞ்சக் காலம் கோவம். அது அடுத்த வைகாசிச் சடங்கோட சரி. கோயில்லயே கட்டிப்பிடிச்சி அழுதம். இவருக்கு மட்டும் சொல்லல்ல. சொன்னா நேர போய்த் திண்டுத்து நித்திரை கொள்ளுவார். ஒளிச்சிப் போறதாலதானே வட்டையச் சுத்திப்போட்டுப் போறார்."

"அப்ப நண்டு?"

"நான்தான் வாங்கி அனுப்புறன். பாவம், பாடுபடுற மனிசன் திங்கட்டும்."

திரையின் அடியில் எழுத்து ஓடியது: உள்ளூர் இசைவாக்க உத்தி.

பொம்புளைகள் ஒவ்வொருவராகத் திரும்பித் தங்கள் புருசன்மாரைப் பார்த்தார்கள். தனோஜன் கடித்த வடையைக் கீழே வைத்தான்.

படம் முடிந்ததும் யசோதினி மைக்கைப் பிடித்து, சபையின் கருத்தைக் கேட்டாள். வாவிக்கரைக் கண்டல் காட்டைப் பற்றிக் கேட்பார்கள் என்று பாவம் அவள் படித்துக்கொண்டு வந்திருந்தாள். தனோஜனின் பெண்சாதி தனுஷியா எழும்பினாள்.

"எங்கட இவர் கடலுக்குப் போறதே இல்ல. கோவிக்கிறதுக்கு எனக்கு மச்சாளும் இல்ல. அவர்ர தம்பியோட கோவிச்சாச் சரிவருமா?"

"அது இன்னும் ஆய்வு செய்யப்படல்ல அக்கா" என்றாள் யசோதினி.

வீட்டுக்கு நடக்கும்போது இளையதம்பிக்கு முதலில் வெட்கம் வந்தது. பாதி வழியில் சந்தோசம் வந்தது. கண்ணகை தன் வாயாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இனி ஒளிப்பு மறைப்பு எதற்கு? ராசா மாதிரி உள்ளே போய்க் கதிரையில் இருந்தார்.

"நீ படத்தில இரிக்காய் எண்டு தெரிஞ்சும் ஏன் வரல்ல?"

"எனக்கு வெக்கம். நீங்க பாத்தாப் போதும்."

"பாத்தன். நாளையில இருந்து வட்டைக்குப் போகமாட்டன். நேர தங்கச்சி ஊட்ட போய்த் திண்டுத்து, அங்கயே சாஞ்சி கிடப்பன்."

"போங்க. ஆர் மறிச்ச? மச்சாள்தான் ஊட்ட இரிக்கமாட்டா."

"எங்க போறா?"

"நாங்க ரெண்டு பேரும் கல்லடிக்குப் போறம். அங்கயும் படம் போடுறாங்களாம். எங்களப் பேசக் கூப்பிட்டிரிக்காங்க. மறுகா ஊர் ஊராப் போகோணுமாம்."

இளையதம்பி கதிரையில் நேராக நிமிர்ந்தார்.

"அப்ப எனக்குச் சோறு?"

"அத மறப்பனா? மச்சாள் விடியவே நண்டு ஆக்கி அனுப்பிப்போட்டுத்தான் வருவா."

"இஞ்சயா?"

"இல்ல, வட்டைக்கு. கடைசி வரம்புக் காவல் வாடியில வெச்சிரிக்கும்."