பன்னிரண்டு மூட்டைக் கண்ணாடி

கண்ணாடி வாங்க வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். இதைவிட மோசமான ஏற்பாடு உலகத்தில் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. செருப்பு வாங்கப் போகிறவனிடம் காலைக் கழற்றி வைக்கச் சொல்வதில்லை. கண்ணாடிக்கடையில் மட்டும் நம் பழையதைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பவர் இல்லாத புது ஃப்ரேமை மூக்கில் மாட்டி, நிலைக்கண்ணாடியை முன்னால் நகர்த்திவிட்டு, "எப்படி இருக்கு சார்?" என்று கேட்பார்கள். மைனஸ் ஒன்று, இரண்டு உள்ள புண்ணியவான்கள் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பி அழகு பார்க்கலாம். எனக்கு மைனஸ் பதினாறு. கண்ணாடிக்குள் இருப்பது நானா, அல்லது எனக்கு முன்னால் வந்தவர் இன்னும் எழுந்து போகவில்லையா என்பதுகூடத் தெரியாது.

அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, என் ஃப்ரேமை நானே தேர்ந்தெடுத்தேன். (யாரும் வற்புறுத்தவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.)

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். அப்பாவுக்கு விவசாயம். வீட்டில் எந்தச் செலவையும் அவர் நெல் மூட்டையில்தான் சொல்வார். ஸ்டெல்லா அக்கா கல்யாணம் இத்தனை மூட்டை, எனக்கு பி.காம். இத்தனை மூட்டை. கண் டாக்டர் "பவர் ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டால், அப்பா வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார், நெல் கிடக்கும் பத்தாயத்தைத்தான் பார்ப்பார். அவ்வளவு கொடுத்தும் கிடைத்தது சோடாபுட்டி. லென்ஸின் ஓரம் என் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். அதற்குள் என் கண்கள் இரண்டும் மிளகு மாதிரி எங்கேயோ ஆழத்தில் கிடக்கும். மூக்கில் இரண்டு பள்ளம். வியர்த்தால் கண்ணாடி வாய்க்கு வந்துவிடும். டெல்டா வெயிலில் வியர்க்காத நாள் எது?

நாட்டின் கதவைத் திறந்துவிட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தஞ்சாவூருக்கு அது ஏசி போட்ட ஒரு கண்ணாடிக்கடையாக வந்து சேர்ந்தது. அந்தக் கடையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அமல்ராஜ் மச்சான், அக்காவின் புதுக் கணவர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. கல்யாணத்துக்கென்று லீவில் வந்திருந்தார்.

"மாப்ள, எங்க பட்டறையில ஸ்டோர் கிளார்க் வேலை ஒண்ணு காலியாவுது" என்றார். "ஏஜெண்டு அடுத்த மாசம் தஞ்சாவூருக்கே வர்றாரு. உன்னைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன். ஆனா அவருக்கு சோடாபுட்டின்னா ஆகாது, வாசல்லயே அனுப்பிடுவாரு. இப்பல்லாம் மெல்லிசா லென்ஸ் வந்துருக்கு. அத மாட்டிக்கிட்டுப் போயி நின்னீன்னா ஒண்ணும் தெரியாது."

"மெடிக்கல்ல மாட்டிக்க மாட்டேனா மச்சான்?"

"அதுல கண்ணாடி போட்டுக்கிட்டுத்தாம்ப்பா பாப்பாங்க. ஏஜெண்டத் தாண்டு, போதும்."

அப்பா மச்சானிடம், "எத்தனை மூட்டை வரும்?" என்று கேட்டார்.

"ஒரு பன்னெண்டு வரும் மாமா."

குறுவை விற்ற பணம் அப்போது வீட்டில் இருந்தது. சம்பா நடவுக்கென்று வைத்திருந்தது. அப்பா கொஞ்ச நேரம் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, கண்ணுதானே" என்றார். அந்தப் பணத்தை இரண்டு முறை எண்ணிப் பத்திரப்படுத்தினேன். இது போனால் இன்னொன்று கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மச்சானின் லீவு முடிய நான்கு நாள்தான் பாக்கி. மச்சான், அக்கா, நான் மூவரும் பஸ் ஏறினோம். எனக்குக் கண்ணாடி வாங்க இரண்டு பேர் இவ்வளவு அக்கறையாகக் கூட வருகிறார்களே என்று பூரித்துப்போனேன். உறவினர்கள் நிறைந்த வீட்டில் புதுமணத் தம்பதி நாலு வார்த்தை பேச இடம் கிடைக்காமல், என் கண்ணைச் சாக்காக வைத்துத்தான் கிளம்பியிருக்கிறார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் இடம் பிடிக்க வேறு முயன்றேன்.

கடையில் ஒரு பெண் என்னை உயரமான ஸ்டூலில் உட்கார வைத்துக் கண்ணாடியைக் கழற்றினாள். அவ்வளவுதான், உலகம் போய்விட்டது. எதிரே பழுப்பாக ஒரு மூட்டம், அது நான். பக்கத்தில் பச்சையாக ஒன்று, அது அக்காவின் புடவை.

"பவர் அதிகம்ல சார், பெரிய ஃப்ரேம் எடுத்தீங்கன்னா ஓரம் தடிமனாத் தெரியும்" என்றது அந்தப் பெண்ணின் குரல். "சின்னதாத்தான் பாக்கணும். ஜென்ட்ஸ்ல சின்னது கம்மி. லேடீஸ் தட்டையும் எடுத்தாறேன், அதுலயும் பொதுவா சிலது இருக்கும்." பிறகு என் மூக்கில் ஏதோ ஒன்றை மாட்டினாள், கழற்றினாள், இன்னொன்றை மாட்டினாள். மாட்டியதோடு எங்கேயோ போய்விட்டாள். நான் மூட்டத்தைப் பார்த்துக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மச்சானின் குரல் கேட்டது. மெதுவாக, ஒரு மாதிரிக் குழைந்து.

"இதுதான். இதுதான் எடுப்பா இருக்கு."

கொஞ்சம் விட்டு மறுபடியும், "இந்த முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

என் முகத்தைப் பற்றி அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெற்ற தாயே சொன்னதில்லை. (அம்மா அதிகபட்சமாகச் சொன்னது, "புள்ளைக்குக் காது நல்லாருக்கு.") சிங்கப்பூரில் ஆறு வருடம் இருந்தவர், நாகரிகம் தெரிந்தவர், வாய்விட்டுச் சொல்கிறார். நான் தோளை நிமிர்த்திக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தேன்:

"அப்ப இதையே எடுத்துக்கலாம்."

பச்சை மூட்டம் விருட்டென்று வாசல் பக்கம் ஓடியது. மச்சான் இரண்டு மூன்று முறை இருமினார். பிறகு, "ஆமா மாப்ள, அதான், அதையே போட்ரு" என்று அவசரமாகச் சொன்னார். திரும்பி வந்த கடைப்பெண், "எது சார்?" என்று கேட்டாள்.

"மச்சான் நல்லாருக்குன்னு சொன்னாரே, அதுதான்" என்றேன்.

பணம் முழுவதும் அங்கேயே கட்டியாயிற்று. லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மச்சான் விமானம் ஏறிப் போனார். ஒரு மாதம் கழித்து, ஏஜெண்ட் வருவதற்கு நான்கைந்து நாள் முன்னால், நான் மட்டும் போய் வாங்கினேன்.

மாட்டினேன். லென்ஸ் உண்மையிலேயே மெல்லியதுதான். சுவரில் எறும்பு போவது தெரிந்தது. கடைப்பெண்ணுக்கு மூக்குத்தி இருப்பது தெரிந்தது. பிறகு நிலைக்கண்ணாடி பக்கம் திரும்பினேன்.

ஒயின் கலர். இரண்டு ஓரமும் மேல்நோக்கிக் கூராக வளைந்து போனது. வளைவு முடியும் இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, தங்க நிறத்தில் ஐந்து இதழ் பூ. அதற்கு நடுவில் மீசையோடு நான்.

"இது லேடீஸ் ஃப்ரேம்ங்க" என்றேன்.

"யுனிசெக்ஸ் சார்" என்றாள் அந்தப் பெண். "நீங்கதானே செலக்ட் பண்ணீங்க?"

"வேற ஃப்ரேம் மாத்திக் குடுங்க."

"லென்ஸ இந்த ஷேப்புக்கு வெட்டியாச்சு சார். வேற எதுலயும் உக்காராது. புதுசாத்தான் லென்ஸ் போடணும்."

வீட்டில் அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டாள். முகம் சிவந்துவிட்டது. "டேய், இது நான் போட்டுப் பாத்ததுடா" என்றாள்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நான் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மச்சான் லேடீஸ் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து விளையாட்டாக அக்காவுக்கு மாட்டியிருக்கிறார். எடுப்பாக இருந்தது அக்காவின் முகம். நான் கத்தியதும் அவள் வெட்கத்தில் அதைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். மச்சான், நான் என் மூக்கில் இருந்ததைச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறார். கடைப்பெண் மட்டும்தான் சொன்னதைச் சொன்னபடி கேட்டு, தூரத்திலிருந்து தான் பார்த்ததை வைத்து, மச்சான் எதை நல்லாருக்கு என்று சொன்னாரோ அதை மேஜையிலிருந்து எடுத்து பில் போட்டிருக்கிறாள். எனக்குப் பவர். மச்சானுக்கு அக்காவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அன்று அந்தக் கடையில் கண் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அப்பா வயலிலிருந்து வந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"பூவு எதுக்குடா?"

கேட்டுவிட்டு அவர் பத்தாயத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே பூவை பிளேடால் சுரண்ட உட்கார்ந்தேன். (கண்ணாடியைச் சுரண்ட வேண்டுமென்றாலும் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். பழையதை மாட்டிக்கொண்டு சுரண்டினேன்.) இடது பக்கப் பூ போவதற்குள் பிளேடு வழுக்கி ஒயின் கலரில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. லென்ஸில் பட்டுவிட்டால் என்ற பயத்தில் வலது பக்கத்தைத் தொடவே இல்லை. ஆக, இரண்டு பூ உள்ள லேடீஸ் கண்ணாடி, ஒரு பூ உள்ள லேடீஸ் கண்ணாடியாக முன்னேறியது.

ஏஜெண்ட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்திருந்தார். வலது பக்கத்தைக் காட்டாமல், ஒற்றைப் பூவை மறைத்து, கொஞ்சம் கோணலாக அவர் முன்னால் உட்கார்ந்தேன். பி.காம். பற்றிக் கேட்டார், சொன்னேன். ஸ்டாக் புத்தகம் எழுதத் தெரியுமா என்றார், தெரியும் என்றேன். "உங்க மச்சான் நல்ல மாதிரி" என்றார். பயோடேட்டாவில் டிக் அடிக்கப் பேனாவைத் திறந்தார். நான் அதைப் பார்த்தேன், அந்தப் பேனா முனையை, பன்னிரண்டு மூட்டை நெல் வழியாக அவ்வளவு துல்லியமாகப் பார்த்தேன்.

பேனா நின்றது.

"ஏந்தம்பி, இது லேடீஸ் மாடல் இல்ல?"

"யுனிசெக்ஸ் சார்."

"அப்படியா? எங்க வீட்டம்மா இந்த மாதிரிதான் ஒண்ணு கேட்டுக்கிட்டிருக்கா. கழட்டுங்க, பாப்போம்."

அவர் மனதில் ஒரு சூதும் இல்லை. மனைவிக்குக் கண்ணாடி வாங்க ஆசைப்பட்ட ஒரு நல்ல புருஷன். சாதாரணமாக, கறுப்பாக, சப்பையாக ஒரு ஃப்ரேம் போட்டுப் போயிருந்தால் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நான் கழற்றிக் கொடுத்தேன். உலகம் போய்விட்டது.

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். "என்ன தம்பி, இதுல நீங்க இத்தனூண்டாத் தெரியிறீங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "பவர் எவ்வளவு?"

"கொஞ்சம்தான் சார்."

"இது எத்தனை வெரலு?"

"ரெண்டு சார்."

"நான் இன்னும் கையே தூக்கல தம்பி."

பிறகு அவர் பேசியதெல்லாம் ரொம்பத் தணிவாக இருந்தது. "ஸ்டோர்ல தலைக்கு மேல இரும்பு தொங்கிக்கிட்டிருக்கும். கண்ணாடி கீழ விழுந்துச்சுன்னா நீங்க எங்க நிக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அப்பாருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கண்ணாடியை எடுத்துக்கொள்ளலாமென்று மேஜைமேல் கையை நீட்டித் துழாவினேன். சூடாக, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இறுகப் பிடித்தேன். அது அவர் கை. நான் விடைபெறுகிறேன் என்று நினைத்து அவர் அன்போடு குலுக்கி, "சரி தம்பி, போயிட்டு வாங்க" என்றார். கண்ணாடியை மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார்.

வெளியே வந்து, மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, ஒற்றைப் பூ வைத்த கண்ணாடிக்குள் அழுதேன். பெரிய கோயில் விமானம் அத்தனை தெளிவாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

சிங்கப்பூர் கதை அதோடு முடிந்தது. அந்த வருடம் சம்பா நடவுக்கு அப்பா வெளியில் கடனுக்குக் கைநீட்டினார். அடுத்த வருடம் ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவையே போடவில்லை. இன்னொரு பன்னிரண்டு மூட்டை எங்கிருந்து வரும்? பக்கத்து ரைஸ்மில்லில் கணக்கெழுதச் சேர்ந்து, ஆறு வருடம் அதையே மாட்டிக்கொண்டு போனேன். மூட்டை தூக்குகிறவர்கள் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிட்டார்கள். கல்யாண ஃபோட்டோவிலும் அதுதான். என் மனைவி இன்றைக்கும் அதில் முதலில் காட்டுவது பூவைத்தான்.

கடையில் நான் அறிவித்தது வீட்டில் ஒரு வழக்காகவே நிலைத்துவிட்டது. யாரையாவது யாராவது பாராட்டினால், பக்கத்தில் இருப்பவர் தோளை நிமிர்த்தி, "அப்ப இதையே எடுத்துக்கலாம்" என்பார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றால் அம்மா சொல்வாள். மகளுக்கு நல்ல மார்க் என்று மிஸ் சொன்னால் மகன் சொல்வான். நானும் சிரித்துவைப்பேன். சிங்கப்பூர் போயிருக்க வேண்டியவன், சிரிக்காமல் என்ன செய்வது?

மச்சான் போன வருடம்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். தலை முழுக்க நரை. இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் லீவு என்று ஆயுளில் பாதியை அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தோம். அக்காவுக்கு இப்போது கிட்டத்தில் எழுத்து தெரிவதில்லை. என் டிராயரில் கிடந்த பழைய ஃப்ரேமைக் கேட்டு வாங்கிப் போய், படிக்கிற லென்ஸ் போட்டு வந்திருந்தாள். அரை மூட்டைகூட ஆகவில்லையாம். மாட்டிக்கொண்டு ஜெபப் புத்தகத்தைப் பிரித்தாள். ஒயின் கலர், கூரான ஓரம், வலது பக்கம் மட்டும் பூ.

மச்சான் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இதுதான்" என்றார். "இந்த முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

வீடே என் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். நான் என் கண்ணாடியைச் சரியாகத் தூக்கிவிட்டுக்கொண்டு மச்சானைப் பார்த்தேன். அவர் கண் நனைந்திருந்தது. அன்றைக்கு என் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே அவர் நின்றும் நான் பார்க்காமல் விட்ட முகம். அந்தக் குரலைக் கேட்டு ஒரு சோடாபுட்டி ஏமாந்துபோனதில் தப்பே இல்லை என்று தோன்றியது. நான் போக வேண்டிய ஊரில் அவர் அத்தனை வருடம் அக்காவின் இந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

"அப்ப இதையே எடுத்துக்கலாம், மச்சான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.