கூண்டு மாமாவும் என் கித்தாப் பந்தும்

மலாக்கா கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டின் கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருக்கிறதே, அதில் பாதித் தேய்மானம் எங்கள் கூண்டு மாமாவின் கைங்கரியம். டுரியான் துங்காலிலிருந்து பட்டணத்துக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மாடுகளுக்கே தெரியாது. விளக்கில்லாமல் ஓட்டியது, நடுத்தெருவில் வண்டியை நிறுத்தித் தூங்கியது, ஓர் உத்தியோகஸ்தரின் ரோஜாச் செடியை மாடு மேய்ந்தது என்று பதினொரு கேஸ். பதினொன்றிலும் “நான் குத்தவாளி இல்லே” என்றே சாதித்தவர். ரோஜா கேஸில், “தின்னது மாடு. அதைக் கூண்டுல ஏத்துங்க தொரை” என்றாராம்.

அவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் நான். போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது.

நான் ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி. பேப்பர் படிக்கிறவன், உரிமை, நியாயம் என்று நாளெல்லாம் பேசுகிறவன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் விளையாட, ரப்பர் மரத்தடியில் காய்ந்து கிடந்த பால் மிச்சமான ஒட்டுக் கித்தாவைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து கொடுத்தேன். தோட்டத்து ரப்பரைத் திருடினான் என்று காவல்காரர் புகார் கொடுத்துவிட்டார். மாத்தா-மாத்தா என்கிற போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து என்னையும் பந்தையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீனில் வெளியே வந்தேன். ஒரு வாரத்தில் விசாரணை.

குற்றம் உறுதியானால் எனக்கு ஜெயில். அது என்னோடும் போகாது. லயத்து வீட்டைவிட்டு அப்பாவையும் அம்மாவையும் சட்டிபானையோடு வெளியே தள்ளிவிடுவார்கள். ரோட்டில் சைக்கிள் மணி அடித்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அன்று சாயங்காலமே கூண்டு மாமாவிடம் ஓடினேன்.

“ஸ்டேசன்ல என்ன கேட்டாங்க?” என்றார்.

“தெரியலே மாமா. தொப்பி போட்ட தொரை கேட்டாரு. பயத்துல காதே அடைச்சிருச்சு.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமாங்கன்னேன்.”

“எத்தனை தடவை?”

“கேட்ட அத்தனை தடவையும்.”

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “அடப்பாவி! படிச்சவன்லா நீ!”

படித்து என்ன? தோட்டத்தில் பிறந்த நாக்கு அது. தொப்பியைக் கண்டால் “ஆமாங்க தொரை” தானாக வந்துவிடும். “வேலை முடிந்ததா?” ஆமாங்க. “நீ சோம்பேறியா?” அதற்கும் ஆமாங்க.

“கோர்ட்டுல அப்படிச் சொன்னா குத்தத்தை ஒத்துக்கிட்டதாயிரும். விசாரணையே கிடையாது, நேரா உள்ளதான். மொதல்ல, என்மேல என்ன குத்தம், தமிழ்ல சொல்லுங்கன்னு கேளு. மொழிபெயர்க்க ஆள் இருக்கான். புரியற வரைக்கும் வாயைத் தெறக்காதே. அப்புறம், உன்மேல சாட்சி சொல்றவனை நீயும் கேள்வி கேக்கலாம். கேக்க வுடுவாங்க, கேளு.”

ஒத்திகை ஆரம்பமானது. மாட்டை அவிழ்த்த வண்டிதான் கூண்டு. மாமா தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டார்: “திருடினியா?”

“ஆமாங்க தொரை!”

கூடை பறந்து வந்து என் தோளில் விழுந்தது. “நான் மாட்டைப் பழக்குறவன்டா. நீ அதைவிடக் கஷ்டம்!”

ஆறு நாள். ஏழாவது நாள் கோர்ட்டுக்குப் போனேன். குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெஞ்சில், என் இடத்துக்குப் பக்கத்தில், மாமா!

“நீங்க எப்படி இங்க?”

“பாக்க வர்றவனைக் கடைசியில தள்ளிருவான். இந்தப் பெஞ்சுல உக்கார கேஸு வேணும்லா. நேத்துப் பொழுது சாய, விளக்கில்லாம ஸ்டேசன் வாசல்ல ஓட்டினேன். மொத ரெண்டு தடவை ஒருத்தனும் பாக்கலே. மூணாந்தடவை பாட்டுப் பாடிக்கிட்டே போனேன்.”

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் மேஜையில் அவர் தொப்பி. அதைப் பார்த்ததும் என் நாக்கு பழைய வழிக்கே போய்விட்டது. “ஆ...” என்றேன். பெஞ்சிலிருந்து ஒரு பயங்கர இருமல்.

“ஆ... ஐயா, என்மேல என்ன குற்றம்? தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.”

சொன்னார்கள். தோட்டத்து ரப்பரை ஒருவருக்கும் தெரியாமல் திருடினேனாம். “இல்லை” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். சாட்சிக் கூண்டில் காவல்காரர் ஏறியதும் கேட்டேன்: “பந்தை எங்கே பார்த்தீங்க?”

“பள்ளிக்கூடத்து முன்னால. பிள்ளைங்க உதைச்சுக்கிட்டிருந்தாங்க.”

“யார் யார் பார்த்துக்கிட்டிருந்தாங்க?”

“கங்காணி, பெரிய கிராணி... எல்லாரும்தான். நானுங்கூட ஒரு உதை உதைச்சேன்.”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்ட்ரேட் பந்தை ஒரு தரம் உருட்டிப் பார்த்தார். விடுதலை.

அடுத்தது மாமா. விளக்கு கேஸை மொழிபெயர்ப்பாளர் படிக்க வாயைத் திறந்தார். பதினொரு தடவை “இல்லே” சொன்ன மனிதர் காத்திருக்கவில்லை.

“ஆமாங்க தொரை,” என்றார்.

கூண்டுக் கைப்பிடியை அவர் கை பயத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தது. முந்தைய பதினொரு தடவையும் அப்படித்தான் தேய்த்திருக்கும். அப்போதெல்லாம் பக்கத்துப் பெஞ்சிலிருந்து அவருக்காக இருமுவதற்கு ஒருவரும் இருந்திருக்கவில்லை.

நான் கதவருகே நின்று, என்னால் முடிந்த மட்டும் பலமாக இருமினேன்.