ஊரான் வீட்டுப் படிப்புக்கு லாப நஷ்டம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் முதல் நம் ஊரில் ஓர் இனம் வெளியே கிளம்பும். படிப்புக் கணக்கர் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். தன் பிள்ளைகள் ஒருவழியாகக் கரையேறிவிட்ட பிறகு, அடுத்த வீட்டுப் பிள்ளை எதைப் படித்தால் எவ்வளவு கடன், எவ்வளவு சம்பளம், கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று கூப்பிடாமலே வந்து கூட்டிக் கழித்துச் சொல்வது இதன் இயல்பு. காப்பி கொடுத்தால் வட்டியும் சேர்த்துச் சொல்லும்.

முத்தியால்பேட்டை சக்கரபாணி இந்த இனத்தில் மூத்தவர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, அதன் முகத்தை வேட்டி நுனியால் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் கேட்கும் முதல் கேள்வி, "பேங்கு லோனா, கைக்காசா?" பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்பாரா? அதற்குச் செல்போன் கால்குலேட்டரில் பொத்தான் ஏது!

அடுத்தது பெருமூச்சு. பி.காம். என்றால் அரை மூச்சு. என்ஜினீயரிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சு. கெமிஸ்ட்ரி என்றால் மூச்சோடு ஒரு 'த்சு'வும் உண்டு. பழைய பிரெஞ்சு ஊர் என்பதால் இங்கே பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் வீடுகளும் உண்டு; அவற்றுக்கு மட்டும் அவர் போவதில்லை. "அங்க மாசாமாசம் யூரோ வந்து வுழுது. கணக்கு இன்னாத்துக்கு?" என்பார். கெட்டவர் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளையாவது கடனில் மாட்டிக்கொண்டால் நிஜமாகவே அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அவரை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை.

இந்த வருஷம் அவர் போய் உட்கார்ந்தது அன்பழகன் வீட்டில். அன்பழகன் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் குட்டி யானை வண்டி ஓட்டுகிறவர். மனைவி மேனகா துணிக் கம்பெனியில் தைக்கிறவள். மகள் சுடர்விழிக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கிடைத்திருந்தது. பள்ளிக்கூட லேபில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, அந்த நாற்றத்தை வைத்தே சோதனைக்குக் கொடுத்த உப்பு எதுவென்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் துள்ளுகிற பெண் அவள். மறுநாள் பணம் கட்டக் கடைசி நாள். பேங்க் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்த நேரத்தில்தான் சக்கரபாணி உள்ளே வந்தார்.

"இருப்பா இரு. மூணு வருஷ லோனு, வட்டியோட மூணரை லட்சம் ஆவும். அந்த மூணு வருஷம் நேரு வீதி ஜவுளிக்கடைல நின்னா மாசம் ஒன்பதாயிரம் வரும். அதுவும் போச்சு, அது ஒரு மூணேகால். ஆக ஆறே முக்கா. படிச்சிட்டு மருந்துக் கம்பெனிக்குப் போனா பதினஞ்சாயிரம் குடுப்பான். கடையவிட ஆறாயிரம்தான் கூட. இருபத்தொண்ணுலேர்ந்து இருபத்தஞ்சு வயசு வரைக்கும் போட்டா மூணு லட்சம்கூட தேறல. கிட்டத்தட்ட நாலு லட்சம் நஷ்டம்ப்பா!"

அன்பழகன் பேனாவை மூடிவிட்டார். "இன்னாண்ணே இப்டி சொல்றீங்க?" என்றவரின் குரல் இறங்கிப்போயிருந்தது. சக்கரபாணிக்கு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய நிறைவு வந்தது. காப்பியைக் கையில் எடுத்தார்.

"பெரியப்பா, மூலை வீட்டு விஜய்க்குப் போன வருஷம் நீங்கதான கணக்கு போட்டீங்க?" என்றாள் சுடர்விழி. "அதே காலேஜி, அதே கெமிஸ்ட்ரி, அதே லோனு. அவனுக்கு இருபது லட்சம் லாபம்னீங்களே?"

"அவனுக்கு அம்பத்தெட்டு வயசு வரைக்கும் போட்டேம்மா."

"எனக்கு?"

"இருபத்தஞ்சு வரைக்கும்."

"அதுக்கப்புறம் நான் இன்னா ஆவேன்?"

"கல்யாணம் ஆயிடும்மா," என்றார் சக்கரபாணி, அதைவிடத் தெளிவாக எதைச் சொல்வது என்று தெரியாமல்.

"கல்யாணம் ஆனா கம்பெனில சம்பளம் தர மாட்டாங்களா?"

சக்கரபாணி மேனகாவைப் பார்த்தார், பெண்ணை அடக்குவாள் என்று. கம்பெனி அடையாள அட்டையைக்கூட இன்னும் கழுத்திலிருந்து கழற்றாத மேனகா, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "அண்ணிக்கு இன்னிக்கி இன்னா டூட்டிண்ணே?"

அண்ணி, அதாவது சக்கரபாணியின் மனைவி தீபலட்சுமி, கல்யாணத்துக்குப் பிறகு முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவர். சங்கத்தில் சம்பளம் நின்றுபோன மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த அம்மாள் சம்பளத்தில். சக்கரபாணி ஓட்டிவந்த ஸ்கூட்டருக்கு இன்றும் தவணை போவது அதிலிருந்துதான். சக்கரபாணிக்குக் காது சூடாயிற்று. காப்பியைக் கீழே வைத்தார். பாவம், செல்போனை எடுத்து அம்பத்தெட்டு வரைக்கும் தட்டிப் பார்த்தார். தட்டிவிட்டு, நம்பாமல் மறுபடியும் தட்டினார்.

தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொன்னாரா? அந்த வாக்கியம் இந்த இனத்துக்கு வராது. "நான் அப்பவே சொல்லல? இருபது லட்சம் லாபம்! கையெழுத்த போடுப்பா, இன்னா யோசன?" என்று அன்பழகனை அதட்டினார். அன்பழகன் போட்டார். சுடர்விழி காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நாலு லட்சம் நஷ்டம் என்று அவர் சொன்னபோது 'அடடா' என்று நீங்களும்தானே உச்சுக் கொட்டினீர்கள்? இருபத்தஞ்சு வயசு வரைக்கும் என்றது உங்கள் காதிலும் விழுந்ததுதானே? ஏன் அதோடு நிறுத்தினார் என்று அப்போது கேட்டீர்களா? போகட்டும், சக்கரபாணி ஊரார் வீட்டுப் பெண்ணுக்குத்தான் இருபத்தஞ்சோடு போதும் என்று கோடு போட்டார். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனையாவது வயதில் போட்டு வைத்திருக்கிறீர்கள்?