அக்காவின் கன்னத்தில் என் ஐந்து விரல்கள்

உங்கள் முகத்தில் மினுங்குவது எண்ணெயா, வியர்வையா என்று உங்களுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியுமா? தெரியாதென்றால் நல்லது. அடுத்தவர் முகத்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டீர்கள். நான் திறந்தேன்.

அப்போது நான் கம்பஸில் முகாமைத்துவம் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் சண்டிலிப்பாயில் வீட்டோடு குந்தியிருந்தேன். பொழுது போகாமல் இன்ரநெற்றில் ஆறு கிழமைத் தோல் பராமரிப்புக் கோர்ஸ் ஒன்று செய்தேன். முடிவில் பூக்கரை போட்ட சான்றிதழ் வந்தது. (கம்பஸ் சான்றிதழ் அலுமாரிக்குள். இது சுவரில்.) அன்றிலிருந்து மனிதர்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வறண்ட தோல், எண்ணெய்த் தோல், கலப்புத் தோல், இவ்வளவுதான் தெரிந்தது. மீன்காரரே ஒருநாள் பொறுமையிழந்து, "தங்கச்சி, என்ரை முகத்தை விட்டுட்டு மீனைப் பார்" என்றார்.

என் அக்கா சுகந்தி முன்பள்ளி ரீச்சர். என்னைவிட ஆறு வயது மூப்பு. அவளுக்கு அடுத்த மாதம் கலியாணம். மாப்பிள்ளை கனடாவில், அவரின் தாய் தகப்பன் சாவகச்சேரியில். எல்லாம் அப்பா பேசி முடித்தது. மண்டபமும் சொல்லியாயிற்று. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, உன்ரை தோல் என்ன வகை?"

"மனுசத் தோல்" என்றாள்.

விட்டேனா? முகத்தில் ரிசு பேப்பரை ஒற்றிப் பார்த்தேன். பேப்பர் நனைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. "எண்ணெய்த் தோல்! கடும் கேஸ்!" என்று வீடு முழுக்கக் கேட்கக் கத்தினேன். அக்கா அப்போதுதான் குசினியில் நாற்பது வடை சுட்டு முடித்து வெளியே வந்திருந்தாள். பேப்பரில் இருந்தது தேங்காய் எண்ணெய். (சான்றிதழ்காரிக்கு இது தோன்றவில்லை.)

அடுத்தது சிகிச்சை. நாங்கள் சீயாக்காயோடு தேசிக்காயை (எலுமிச்சைதான்) அவித்துத் தலைக்கு வைத்துத் தோய்கிற ஆட்கள். தலைக்கு ஒத்துவருவது முகத்துக்கு ஒத்துவராதா? தலைத் தோலும் தோல், முகத் தோலும் தோல். தோலின் மேலே மெல்லிய அமிலப் படலம் ஒன்று காவல் நிற்கிறது என்று கோர்ஸில் படித்திருந்தேன். கொஞ்ச அமிலம் நல்லதென்றால் நிறைய அமிலம் இன்னும் நல்லதுதானே. அவித்தால் சத்துப் போய்விடும் என்று பச்சையாகவே பிழிந்தேன். (இந்த அளவுக்கு யோசிக்க ஒரு டிகிரி தேவை.)

கலியாண ஆல்பத்துக்குப் படம் எடுக்கிற நாள் அது. மாப்பிள்ளை இன்னும் வந்து சேராததால் அக்காவைத் தனியாக எடுத்து, அவரைப் பிறகு கொம்பியூட்டரில் ஒட்டுவதாகத் திட்டம். அக்கா சேலை கட்டி முடித்து நின்றாள். நான் விரித்த கையைச் சாற்றில் தோய்த்து அவளின் இடக்கன்னத்தில் அழுத்திப் பிடித்தேன்.

"எரியுதடி! கையை எடு!"

"எரிஞ்சால்தான் வேலை செய்யுதெண்டு அர்த்தம். ஆடாமல் நில்."

"உன்ரை வேலையும் நீயும்!" என்று என்னைத் தள்ளிவிட்டாள். அதற்குள் படப்பிடிப்பாளரின் ஓட்டோ வாசலில் கோர்ன் அடித்தது. கழுவ நேரமில்லை. சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டத்துக்குள், பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை, வெட்ட வெயிலில் அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். சன் கிறீமும் இல்லை. படத்தில் முகம் வெளிறித் தெரியும் என்று தடுத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

அடுத்த நாள் கன்னம் சிவந்தது. அதற்கடுத்த நாள் கொப்புளம். கிழமை முடிய, கொப்புளம் காய்ந்து, மண்ணிறத்தில் ஐந்து விரல்களும் ஒரு உள்ளங்கையும் தெளிவாகத் தெரிந்தன. பார்த்தால் யாரோ பளார் என்று அறைந்த மாதிரி.

ஆஸ்பத்திரியில் தோல் டொக்டரம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உம்மடை கையை ஒருக்காக் கொண்டு வாரும் பிள்ளை."

கொடுத்தேன். அதைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அளவு அச்சொட்டாகப் பொருந்தியது.

"தேசிக்காய்ச் சாறு தோலிலை இருக்கேக்கை வெயில் பட்டால் தோல் வெந்துபோம். உந்தக் கறுப்பு மாற மாதக்கணக்காகும். இனி ஒண்டும் பூசாதையுங்கோ, வெயிலுக்குள்ளை போகாதையுங்கோ. அதோடை, இவவுக்கு எண்ணெய்த் தோலெண்டு ஆர் சொன்னது? இது நல்ல வறண்ட தோல்."

நான் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்க, சட்டை அளவு எடுக்க மாப்பிள்ளையின் தாய் வந்தார். அம்மா அக்காவின் முகத்தில் அரை டப்பா பவுடரைக் கொட்டியிருந்தா. அக்கா தேத்தண்ணித் தட்டோடு குனிந்தாள். பவுடருக்குள்ளால் ஐந்து விரல்களும் எட்டிப் பார்த்தன.

மாமி தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. "அளவு எடுக்கவேணும், உள்ளை வாரும் பிள்ளை" என்று அக்காவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் திரைச்சேலைக்குப் பின்னால் ஓடினேன். உள்ளே போய்க் "குற்றவாளி நான்தான்" என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். ஆனால் என் வாய், வாழ்க்கையில் முதல் தடவையாக, திறக்க மறுத்தது.

"உமக்கு ஆர் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை மாமி. தங்கச்சி தேசிக்காய் பூசி வெயில் பட்டது. டொக்டர் எழுதின துண்டு கிடக்கு, காட்டுறன்."

அப்பாடா, தப்பினேன் என்று நினைத்தேன்.

"சரி, நம்புறன். எண்டாலும் ஒருக்காக் கேக்கிறன் பிள்ளை, கோவிக்கக்கூடாது. உமக்கு உந்தக் கலியாணம் விருப்பமோ?"

அளவு நாடா நிலத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"கேட்டியள் எண்டபடியாச் சொல்லுறன் மாமி" என்றாள் அக்கா. "விருப்பமில்லை. எனக்குக் கனடா போக விருப்பமில்லை. இஞ்சை ஒருத்தரும் கேக்கேல்லை."

மாமி வெளியே வந்தார். அப்பாவிடம், "அண்ணை, பிள்ளையைக் கேட்டுப்போட்டு ஒரு முடிவு சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அக்காவைக் கேட்கவில்லை, கத்தினார். இரண்டு நாள் கத்தினார். அக்கா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சாவகச்சேரியிலிருந்து ரெலிபோன் வந்தது. கலியாணம் நின்றது.

என் தலையில் பழி விழுந்ததைச் சொல்லத் தேவையில்லை. அச்சடித்த கலியாணக் காட்டுகளை அம்மா ஒரு வருசமாக அடுப்பு மூட்டப் பாவித்தா. கன்னத்தில் கிடந்த அந்தக் கறுப்பு மங்க எட்டு மாதம் எடுத்தது. எட்டு மாதமும் அக்கா அந்தக் கன்னத்தோடேயே முன்பள்ளிக்குப் போனாள். "ரீச்சருக்கு ஆர் அடிச்சது?" என்று சின்னதுகள் கேட்டால், "படிப்பு" என்பாளாம்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீட்டிலாவது பொம்பிளை பார்க்க வந்தால், "அபியைக் கையைக் கழுவிப்போட்டு வரச் சொல்லுங்கோ" என்பதுதான் என்னை வைத்துச் சொல்லும் பகிடி. எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

அப்பா எங்கள் இரண்டு பேரோடும் கதைப்பதில்லை. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் குசினியில் தனியாக இருந்து சாப்பிடுகிறார்.